வெண்பனியைப் படம்பிடித்த கமக்காரன்

கமக்காரன் வானத்தைப் பார்ப்பது புதுமையன்று. விதைப்புக்கு முன்னும் அறுவடைக்கு முன்னும் அவன் கண் மேகத்தின்மீதே இருக்கும். மேகம் கறுத்தால் ஒரு கவலை. கறுக்காவிட்டால் வேறொரு கவலை. ஆயினும், வானத்திலிருந்து விழுவது தன் நிலத்துக்கு என்ன செய்யும் என்று எண்ணுவோரே பலர். விழுவது யாது, அது எவ்வாறு அவ்வுருவம் பெற்றது என்று கேட்போர் மிகச் சிலர். அத்தகைய கேள்வியொன்று ஓர் ஏழைக் கமக்காரக் குடும்பத்தினுள் புகுந்தபொழுது, அக்குடும்பத்தில் நிகழ்ந்தவை கேட்கத்தக்கன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கிலே வேர்மொன்ற் என்னும் சிறிய மாநிலம் உள்ளது. மலையும் காடும் நிறைந்த அம்மாநிலத்தின் ஜெரிக்கோ என்னும் ஊரிலே, மான்ஸ்பீல்ட் மலைக்கு அண்மையில், எட்வின் பென்ற்லி என்பவர் கமஞ்செய்து வாழ்ந்துவந்தார். பத்து வரையிலான கறவைப் பசுக்களும், அவற்றுக்குப் புல் தரும் வெளிகளும், சிறிது தோட்டமுமே அவர் குடும்பத்தின் செல்வம். அவருடைய மனைவியார் முன்னர்ப் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். இவர்களுக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவன் சாள்ஸ், இளையவன் வில்சன். இளையவன் பிறந்தது 1865ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி.

அந்நாட்டுக் கமத்தின் வாழ்க்கை நம் நாட்டாருக்கு எளிதில் மனத்தில் தோன்றாது. ஆண்டிலே பல மாதங்கள் நிலம் முழுவதும் வெண்பனியால் மூடிக்கிடக்கும். அக்காலத்தில் மாடுகளுக்கு மேய்ச்சல் என்பதே இல்லை. ஆகவே, கோடையின் சில வாரங்களுக்குள் புல்லை வெட்டி, உலர்த்தி, கொட்டிலின் பரணிலே நிரப்பிவிட வேண்டும். அந்த வாரங்களில் ஒரு மழை தவறான நாளிற் பெய்துவிட்டால், அதன் விளைவை மாரியிலே பசுக்கள் பாலைக் குறைத்துக் காட்டும். விடியுமுன் பால் கறக்க வேண்டும். கொட்டிலைத் துப்புரவாக்க வேண்டும். இரவில் விழுந்த பனியை வாரிக் கொட்டிலுக்குப் பாதை அமைக்க வேண்டும். மாலையில் மீண்டும் பால் கறக்க வேண்டும். எட்வினுக்கு வெண்பனி என்பது மண்வெட்டியால் வாரி எறியப்படவேண்டிய ஒரு பாரம். அதில் வேறொன்றும் அவர் கண்டிலர்.

இளைய மகனைத் தாயே வீட்டில் வைத்துக் கற்பித்தார். பதினான்கு வயதுவரை அவன் பாடசாலைக்குச் செல்லவில்லை. வீட்டிலே தாயிடம் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்று இருந்தது. அதனை அவன் ஓர் ஏடு விடாமல் வாசித்து முடித்தான் என்பர். அவனுக்குப் பதினைந்து வயதானபொழுது, தாம் ஆசிரியையாக இருந்த காலத்திற் பயன்படுத்திய சிறிய நுணுக்குக்காட்டி ஒன்றைத் தாய் அவனிடங் கொடுத்தார். ஏனைய சிறுவர் அதைக்கொண்டு பூச்சியின் காலையும் பூவின் மகரந்தத்தையும் பார்த்து, நாலு நாளில் அதனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டிருப்பர். அவனும் அவற்றைப் பார்த்தான். ஆனால், ஒருநாள் வெளியே பெய்துகொண்டிருந்த வெண்பனியின் சிறு துணுக்கொன்றை அதன்கீழ் வைத்துப் பார்த்தான். அந்த நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகளாக அவன் வேறொன்றை அவ்வளவு ஆவலுடன் பார்க்கவில்லை எனலாம்.

அவன் கண்டது யாது? ஆறு கரங்கள் கொண்ட ஒரு பளிங்கு. ஒவ்வொரு கரத்திலும் கிளைகள். கிளைகளில் மேலும் கிளைகள். ஒரு கரத்தில் உள்ளது ஏனைய ஐந்திலும் ஏறத்தாழ அவ்வாறே உள்ளது. வெண்பனி ஆறு மூலை உடையதென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. கெப்ளர் என்னும் வான அறிஞர் 1611ஆம் ஆண்டிலேயே அது ஏன் ஆறாக இருக்க வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் விடியற்காலையிற் புல்நுனியில் உறைந்து கிடக்கும் பனியைக் கண்டவர்கள் இதன் உறவினனைக் கண்டவர்களே. நீரின் மூலக்கூறுகள் பனிக்கட்டியாக அடுக்கப்படும்பொழுது அறுகோண வடிவிலே அடுக்கப்படுகின்றன. அவ்வடுக்கே வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஆறு கரங்களாக விரிகிறது. இவ்விளக்கம் ஜெரிக்கோச் சிறுவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, தான் பார்த்த அந்த அழகு சில நிமிடங்களில் ஒரு துளி நீராகி மறைந்துவிட்டது என்பதும், அதுபோன்ற இன்னொன்று அடுத்த துணுக்கில் இல்லை என்பதுமே.

அவன் வரையத் தொடங்கினான். மூன்று மாரிகளாக நுணுக்குக்காட்டியை ஒரு கண்ணாலும் தாளை மற்றக் கண்ணாலும் பார்த்து வரைந்துகொண்டே இருந்தான். பென்சில் பாதியைத் தாண்டுமுன் பளிங்கு உருகிவிடும். நுணுக்குக்காட்டியுடன் பொருத்திப் படம் எடுக்கத்தக்க ஒரு புகைப்படக் கருவி உண்டு என்று அவன் எங்கோ வாசித்தான். அதன் விலை, நல்லதொரு நுணுக்குக்காட்டியும் சேர்த்து, 100 டொலர்.

இந்த நூறு டொலரே அக்குடும்பத்தின் கதையில் முக்கியமான இடம். வீட்டிலிருந்த பசுக்கள் அத்தனையையும் விற்றாற் கிடைக்கக்கூடிய தொகைக்கு அது ஒப்பானது என்று சொல்லப்படுகிறது. தாய் மகனுக்காக வாதாடினார். தந்தை மறுத்தார். இக்கதையைச் சொல்வோர் பலர் தந்தையை ஓர் அறிவிலியாகவும் தாயை ஒரு தீர்க்கதரிசியாகவும் காட்டிவிடுவதுண்டு. அது நீதியன்று. எட்வின் கேட்ட கேள்வி எந்தக் கமக்காரனும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பனியைப் படம்பிடித்தால் பசு கூடுதலாகப் பால் தருமா? ஒரு பசு இறந்தால் அடுத்ததை எதைக்கொண்டு வாங்குவது? மூத்த மகனின் பங்கை இளைய மகனின் விளையாட்டுக்குக் கொடுப்பது எவ்வாறு முறையாகும்? இக்கேள்விகளுக்கு அன்று எவரிடமும் விடை இருக்கவில்லை, தாயிடமுங்கூட. ஆயினும் இறுதியில் எட்வின் பணத்தைக் கொடுத்தார். நம்பிக்கை வந்து கொடுத்தவர் அல்லர். நம்பிக்கை இன்றியே கொடுத்தார். இறக்கும்வரை அவர் தம் மகனின் முயற்சியை ஒரு வீண்வேலை என்றே கருதினார். அவ்வாறு கருதியும் கொடுத்தாரே என்பதனாலேதான், நம்பிக்கொண்டு கொடுத்த தாயிலும் இவர்மீது ஒருவாறு இரக்கம் உண்டாகிறது.

கருவி வந்தவுடன் படம் வந்துவிடவில்லை. மகனுக்குப் புகைப்படக்கலை தெரியாது, கற்பிப்பார் எவருமில்லை. ஒரு மாரி முழுவதும் தோல்வி. பல மாற்றங்களைச் செய்து பார்த்தபின், 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி, பெய்துகொண்டிருந்த பனியினிடையே, ஒரு பளிங்கின் தெளிவான படம் கண்ணாடித் தட்டிலே விழுந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபது நிறையவில்லை.

அவருடைய முறையைச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். ஏனெனில் அதில் ஆய்வுகூடத்தின் மணத்திலும் பார்க்கக் கமத்தின் மணமே கூடுதலாக உண்டு. வேலை நடைபெற்ற இடம் நெருப்பு மூட்டாத ஒரு கொட்டில். வெளியே எவ்வளவு குளிரோ, உள்ளேயும் அவ்வளவு குளிர். கறுப்புப் பலகை ஒன்றைப் பனியிலே சில விநாடி நீட்டுவார். கையின் சூடு பலகைக்கு ஏறாதிருக்க அதற்குக் கம்பிக் கைப்பிடி இட்டிருந்தார். விழுந்தவற்றுள் ஒன்றைத் தெரிந்து, விளக்குமாற்றிலிருந்து முறித்த மெல்லிய ஈர்க்கினால் அதைத் தொட்டு எடுத்து, கண்ணாடித் துண்டின்மேல் இடுவார். பின்னர் ஒரு பறவையின் இறகினால் மெல்ல அழுத்துவார். இவ்வளவும் நடைபெறும்பொழுது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்; ஒரு மூச்சுப் பட்டாலும் பளிங்கு அழிந்துவிடும். கருவியின் பின்புறம் நின்று பார்த்துக்கொண்டு முன்புறத்துத் திருகியைத் திருப்பக் கை எட்டாது. அதற்காகச் சில்லும் கயிறும் பூட்டிக்கொண்டார். சன்னலூடு வரும் பகல் வெளிச்சமே விளக்கு. சில படங்களுக்கு ஒன்றரை நிமிடம்வரை கருவியைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றரை நிமிடத்துள் பளிங்கு உருகவும் கூடாது; உருகாமலே காற்றில் ஆவியாகித் தன் கூர் மழுங்கவும் கூடாது.

இவ்வேலை எப்பொழுது நடைபெற்றது? பால் கறந்த பின்னரும் கறப்பதற்கு முன்னரும். கமத்தின் வேலையில் தம் பங்கை அவர் விட்டுவிடவில்லை. முதற்படம் எடுக்கப்பட்ட சில ஆண்டுகளுள் தந்தை காலமானார். அண்ணன் சாள்ஸ் மணஞ்செய்து, அதே வீட்டின் ஒரு பகுதியில் மனைவி மக்களோடு வாழ்ந்தார். மற்றப் பகுதியிலே தம்பியும் தாயும் வாழ்ந்தனர். தாய் நீண்டகாலம் நோயுற்றிருந்து 1906இல் இறந்தார்; அதுவரை அவரைப் பார்த்துக்கொண்டவர் வில்சனே. அவர் மணஞ்செய்யவில்லை. பியானோ வாசிப்பார், தாமே இயற்றிய இசையும் சில உண்டு. அயலாருக்கு அவர் ஒரு வேடிக்கை. பனி பெய்யத் தொடங்கியதும் ஏனையோர் வீட்டுக்குள் ஓட, ஒருவர் பலகையுடன் வெளியே ஓடுவாரானால் அயலார் வேறு என்னதான் எண்ணுவர்?

முதற்படத்துக்குப்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர் தம் படங்களைப்பற்றி ஒன்றும் வெளியிடவில்லை. நானூறுக்கு மேற்பட்ட படங்கள் பெட்டிகளிற் கிடந்தன. பட்டம் பெறாத ஒரு பாற்காரன் சொல்வதை யார் கேட்பர் என்ற கூச்சமே காரணமாக இருத்தல் கூடும். அண்மையிலுள்ள பேர்லிங்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்த ஜோர்ஜ் பேர்க்கின்ஸ் என்பவர், அவற்றைப்பற்றி எழுத வேண்டுமென வற்புறுத்தினார். பேராசிரியரின் துணையுடன் எழுதப்பட்ட கட்டுரை 1898ஆம் ஆண்டு ஒரு விஞ்ஞான மாத சஞ்சிகையில் வெளிவந்தது. அதன்பின் கூச்சம் நீங்கியது. வாழ்நாளில் அறுபது வரையான கட்டுரைகளை அவர் எழுதினார். அவற்றுட் சில அமெரிக்க வானிலை அவதானத் திணைக்களத்தின் மாதச் சஞ்சிகையிலே, நாடறிந்த அறிஞர்களின் கட்டுரைகளுக்கிடையே, அச்சேறின.

குறைகூறியோரும் இல்லாமலில்லை. ஜெர்மனியிலே ஹெல்மன், நொய்ஹவுஸ் என்போர் முன்னரே பனிப் பளிங்குகளைப் படம்பிடித்திருந்தனர். அவர்கள் படங்களிலே கரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரு கரம் நீண்டும் மற்றொன்று முறிந்தும் இருக்கும். பென்ற்லியின் பளிங்குகளோ பொற்கொல்லன் செய்தவைபோல் இருந்தன. படங்களின் பின்புலம் கறுப்பாகத் தோன்றவேண்டி, பிரதியெடுத்த கண்ணாடித் தட்டிற் பளிங்கைச் சுற்றியுள்ள பூச்சை அவர் கத்தியாற் சுரண்டி நீக்குவது வழக்கம். ஒரு தட்டுக்கே மணிக்கணக்காக வேலை உண்டு. கத்தி பட்ட படத்தை விஞ்ஞானச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே ஜெர்மானியரின் கேள்வி. கேள்வி நியாயமானதே. பென்ற்லி வேண்டுமென்று உருவை மாற்றியவர் அல்லர். ஆனால், நூறு துணுக்குகள் விழுந்தால் அவற்றுள் அழகியது ஒன்றையே தேடியெடுத்தவர் என்பது உண்மை. இயற்கையிலே விழும் வெண்பனியிற் பெரும்பகுதி முறிந்ததும் ஒட்டியதும் கோணலானதுமே. அவருடைய படத்தொகுதியைப் பார்ப்பவர் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய மழை ஆராய்ச்சியில் இக்குறைக்கு இடமில்லை. உண்மையில், விஞ்ஞானம் என்ற அளவில் நோக்கினால், உலகறிந்த பனிப்படங்களிலும் பார்க்க உலகறியாத இம்மழை ஆராய்ச்சியே சிறந்தது என்று கூறத் தோன்றுகிறது. 1898 முதல் 1904 வரை அவர் மழைத்துளிகளின் பருமனை அளந்தார். இதற்கு அவர் பயன்படுத்திய கருவி, வீட்டு அடுப்படியிலிருந்த கோதுமை மா! அரித்தெடுத்த மாவை ஒரு தட்டத்திலே ஓரங்குல ஆழத்துக்கு நிரப்பி, மழையிற் சில விநாடி பிடிப்பார். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவை நனைத்து ஒரு சிறிய உருண்டையாகும். தட்டத்தை உள்ளே கொண்டுவந்து, உருண்டைகள் உலர்ந்து இறுகும்வரை வைத்திருந்து, பின்பு மாவிலிருந்து பிரித்து அளப்பார்.

ஆனால், மாவுருண்டையின் பருமனும் மழைத்துளியின் பருமனும் ஒன்றுதானா? இந்த ஐயத்தைத் தாமே எழுப்பிக்கொண்டார் என்பதிலேதான் பென்ற்லி வெறும் பொழுதுபோக்குக்காரரிலிருந்து வேறுபடுகிறார். பருமன் முன்கூட்டி அளக்கப்பட்ட துளிகளை உயரத்திலிருந்து மாவின்மீது விழவிட்டு, உண்டாகிய உருண்டைகளை அளந்து ஒப்பிட்டார். இரண்டும் பெரும்பாலும் ஒத்திருந்தன. அதன்பின்னரே தம் முறையை நம்பினார். இவ்வாறு 344 அளவீடுகளைச் செய்து, 1904ஆம் ஆண்டு அவற்றை வெளியிட்டார். மழைத்துளி ஏறத்தாழக் கால் அங்குலத்துக்கு மேற் பருப்பதில்லை என்றும், தாழ்ந்த மேகங்களின் தூறலிலே சிறு துளிகளும் உயர்ந்தெழும் இடிமேகங்களின் மழையிலே பெருந்துளிகளும் மிகுதி என்றும் கண்டார். மழைத்துளிகளுட் சில மேலே பனிப் பளிங்காகப் பிறந்து உருகியவை; வேறு சில பளிங்காகாமலே பிறந்தவை என்றும் அவர் ஊகித்தார். பனிப்பளிங்கிலிருந்து மழை பிறக்கும் கொள்கையைச் சுவீடன் நாட்டுப் பெர்ஜெரோன் என்னும் அறிஞர் விரிவாக எடுத்துரைத்தது 1930களிலேதான்.

இந்தப் பரிசோதனைக்குப் பனி வேண்டியதில்லை. மாரிகாலத்தில் எந்த வீட்டு முற்றத்திலும், ஒரு தட்டமும் ஒரு பேணி மாவும் இருந்தால், பத்து வயதுப் பிள்ளையுஞ் செய்து பார்க்கலாம். மா வீணாகிறதே என்று வீட்டிலுள்ளோர் ஏசக்கூடும்; அது வேறு விஷயம்.

மழைபற்றிய கட்டுரை அச்சேறியதும் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. நாற்பது ஆண்டுகள் அது உறங்கிற்று. 1943ஆம் ஆண்டு லோஸ், பார்சன்ஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதே மா முறையைக் கையாண்டு மழைத்துளிகளை அளந்தனர். அவர்கள் அளந்தது எதற்காக என்பதைக் கவனித்தல் வேண்டும். மழையினால் விளைநிலத்தின் மேல்மண் அரிக்கப்படுவதை ஆராய்வதற்காக. பருத்த துளி விரைவாக விழுகிறது; விழும் வேகத்தில் மண்ணின் கட்டியை உடைத்துத் தெறிக்கச் செய்கிறது; உடைந்த மண்ணை ஓடும் நீர் கொண்டுபோகிறது. ஆகவே, எவ்வளவு மழை பெய்தது என்பதுமட்டுமன்றி, எத்தகைய துளியாகப் பெய்தது என்பதும் கமக்காரனுக்கு வேண்டிய செய்தியாயிற்று. எட்வின் பென்ற்லி கேட்ட கேள்விக்கு ஒருவகை விடை இவ்வாறு கிடைத்தது. அவர் அதனைக் கேட்க அப்பொழுது உயிருடன் இல்லை. அவர் மகனும் இல்லை.

பனிப்படங்களால் வந்த வருவாய் அற்பமானது. தம் படங்களைப் பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று ஐந்து சதம் என்று விற்றுவந்தார். நகை செய்வோரும் துணிகளுக்குக் கோலம் வரைவோரும் அவற்றை வாங்கினர். 1924ஆம் ஆண்டு அமெரிக்க வானிலையியற் கழகம் அவருக்கு ஆராய்ச்சி உதவிப் பணம் வழங்கிற்று. தொகை 25 டொலர். நாற்பது ஆண்டு உழைப்பின் பின் கிடைத்த அச்சிறு தொகையை அவர் பெருமதிப்பாகவே கொண்டார். தந்தை கொடுத்த நூறு டொலரில் அது காற்பங்கு.

1931ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க வானிலை அவதானத் திணைக்களத்தின் பௌதிக அறிஞர் ஹம்பிரீஸ் என்பவரின் முன்னுரையுடன், பென்ற்லியின் பெரும் படத்தொகுதி நூலாக வெளிவந்தது. அதிலுள்ள படங்கள் 2,400க்கும் மேல். அவர் எடுத்தவையோ 5,000ஐத் தாண்டும். தந்தை வாங்கிக் கொடுத்த அதே கருவியையே அவர் இறுதிவரை பயன்படுத்தினார். அந்நூல் கடல் கடந்து ஜப்பானுக்குச் சென்றது. அங்கே நக்காயா உக்கிச்சிரோ என்னும் பௌதிகப் பேராசிரியர் அதனால் ஊக்கம் பெற்று, ஹொக்கைடோத் தீவின் கடுங்குளிரிலே ஆராய்ச்சி தொடங்கி, 1936ஆம் ஆண்டு, முயலின் மயிர் ஒன்றின் நுனியிலே, உலகின் முதற் செயற்கைப் பனிப்பளிங்கை வளர்த்தார். எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில், பளிங்கு தட்டாக வளரும், ஊசியாக வளரும், கிளைவிட்டு வளரும் என்பதை அவரே வகைப்படுத்தினார். தம் பளிங்குகளின் வேறுபாடுகளுக்குக் குளிரும் மேகத்தின் உயரமுமே காரணமாதல் வேண்டும் என்று பென்ற்லி எழுதிவைத்தது பெரும்பாலுஞ் சரியாயிற்று.

நூல் வெளிவந்த சில வாரங்களில், டிசம்பர் மாதத் தொடக்கத்திலே, அறுபத்தாறு வயதான பென்ற்லி ஈரப்பனி நிறைந்த பாதையில் ஆறு மைல் நடந்து வீடு திரும்பினார். தகுந்த உடை அணிந்திருக்கவில்லை. சளிக்காய்ச்சல் நுரையீரலைப் பற்றிக்கொண்டது. அண்ணன் குடும்பத்தார் மறுபுறத்தில் வாழ்ந்த அதே கமவீட்டிலே, டிசம்பர் 23ஆந் திகதி அவர் உயிர் துறந்தார். பல ஆண்டுகளாகத் தவறாது எழுதிவந்த வானிலைக் குறிப்பேட்டில் அவர் கடைசியாக எழுதிய நாள் டிசம்பர் 7. பிற்பகலில் வடக்கிலிருந்து குளிர்காற்று வீசியது, பனி பறந்துகொண்டிருந்தது என்பதே அன்றைய குறிப்பு.